அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா?

ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் என்றால் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புகளுக்கும் அவரே. செஞ்சிக்கு மேற்கே நான் வேலை பார்க்கும் பள்ளியிலும் அப்படித்தான். அறிவியலுக்கு ஒருவர், தமிழுக்கு ஒருவர், தொடக்க வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர்கள், தலைமையாசிரியர். எல்லோரும் அன்பானவர்கள். மதியம் சாப்பாட்டுக் கூடையைத் திறந்தால் யார் வீட்டுக் குழம்பு யார் தட்டில் இருக்கிறது என்று தெரியாது. ஆனால் ஏழாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பின்னக் கூட்டல் ஏன் வரவில்லை என்ற கேள்வியோடு நான் உட்கார்ந்திருந்தால், அதை வாங்கிக்கொண்டு கூட நாலு வார்த்தை பேச அந்த அறையில் ஆளில்லை. "வீட்ல ஒரு தடவை எடுத்துப் பாத்தாத்தான டீச்சர் வரும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

குறுவள மையக் கூட்டம் என்று ஒன்று உண்டு. சனிக்கிழமையில் பக்கத்துப் பள்ளிகளின் ஆசிரியர்களை ஓரிடத்தில் கூட்டிப் பயிற்சி கொடுப்பார்கள். சென்னையில் மாநிலக் கருத்தாளர்கள் பயிற்சி எடுத்து, அவர்கள் மாவட்டத்துக்குச் சொல்லி, மாவட்டத்திலிருந்து வட்டாரத்துக்கு வந்து, வட்டாரத்திலிருந்து எங்களிடம் வரும். இத்தனை கை மாறி வரும்போது முதலில் உதிர்வது 'ஏன்' என்ற பகுதி. 'என்ன செய்ய வேண்டும்' என்பது மட்டும் படிவமாக வந்து சேரும். அந்தக் கூட்டங்களில் எனக்கு உண்மையில் பயன்பட்டது, கூட்டம் முடிந்து பேருந்துக்கு நிற்கும் நேரம்தான். வேறு பள்ளிக் கணக்கு டீச்சர் ஒருவர் பக்கத்தில் நிற்பார். "உங்க பசங்களுக்கு தசமம் வருதா?" என்று ஆரம்பிப்போம். பேச்சு சூடு பிடிக்கும்போது அவருடைய வண்டி வந்துவிடும்.

2014 வாக்கில் கையில் ஸ்மார்ட்போன் வந்தது. மாதத்துக்கு ஒரு ஜி.பி. டேட்டா போட்டு, அதை முப்பது நாளும் இழுத்துப் பிடித்துச் செலவழித்த காலம். தமிழில் தட்டச்ச, பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளைய ஆசிரியை செல்லினம் செயலியைப் போட்டுக் கொடுத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய விசைப்பலகை அது. அதற்கு முன்னால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டிருந்த எனக்கு, முழு வாக்கியமாக, சொந்த எழுத்தில் எழுத முடிந்ததே பெரிய விடுதலை. கணக்கைப் பற்றி யோசிக்கிற மொழியில்தானே கணக்கைப் பற்றி எழுதவும் வரும்.

அந்த இளைய ஆசிரியைதான் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் ஒரு முகநூல் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார். முதல் சில வாரங்கள் அதில் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. அரசாணை நகல், அகவிலைப்படிக் கணக்கு, பதவி உயர்வு முன்னுரிமைப் பட்டியல், குடியரசு தினப் படங்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் நான் தேடி வந்த பேச்சு அதில் இல்லை.

பிறகு ஒருநாள் மாலை, பேருந்தில் வரும்போது, தென்காசிப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் பதிவு கண்ணில் பட்டது. ஒரு பிள்ளையின் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார், பெயர் தெரியாதபடி மேலே விரலை வைத்து. 1/2 + 1/3 = 2/5. கீழே எழுதியிருந்தார்: "நாலு விதமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். சொல்லும்போது சரி என்கிறான். மறுநாள் மறுபடி இதே விடை. என்ன செய்யலாம்?"

பதில்கள் வந்துகொண்டிருந்தன. மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) எடுக்கச் சொல்லுங்கள் என்றார் ஒருவர். குறுக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுங்கள், சுலபம் என்றார் இன்னொருவர். ஐந்தாம் வகுப்பிலேயே அடிப்படை போடவில்லை என்று ஒருவர் பழியைக் கீழே தள்ள, ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் ஒருவர் கோபமாகப் பதில் சொல்ல, கொஞ்சம் சண்டையும் நடந்தது. அதற்கு நடுவில் அறந்தாங்கிப் பக்கத்து ஆசிரியை ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார்: "ஏன் அப்படிக் கூட்டினாய் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டீர்களா சார்?"

மறுநாள் இரவு அந்த ஆசிரியர் திரும்ப வந்தார். கேட்டிருக்கிறார். பையன் சொன்ன பதிலை அப்படியே எழுதினார்: "நீங்க டெஸ்ட்ல அப்படித்தான சார் கூட்டுறீங்க? முதல் கணக்குல ரெண்டுக்கு ஒண்ணு, அடுத்த கணக்குல மூணுக்கு ஒண்ணு. மொத்தம் அஞ்சுக்கு ரெண்டு."

அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாள் திருத்தும்போது நாம் எழுதுவது அதுதானே. முதல் தேர்வில் 7/10, அடுத்ததில் 8/10, மொத்தம் 15/20. மேலே இருப்பதை மேலே இருப்பதோடு, கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பிள்ளை சிவப்பு மையில் பார்த்து வருவது அந்தக் கூட்டலைத்தான். பின்னம் என்று புத்தகத்தில் வரும் பாடம் வெகு பின்னால் வருகிறது, அதே வடிவில், வேறு விதியோடு. இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் தன் கண்ணெதிரே நடப்பதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து, அதை நம்பிக்கையோடு பயன்படுத்தியிருக்கிறான்.

அன்று இரவு நடந்த உரையாடல் எனக்கு இன்னும் வரி வரியாக நினைவிருக்கிறது. மதிப்பெண்ணில் 'முழுமை' மாறிக்கொண்டே போகிறது என்றார் ஒருவர்: முதலில் இரண்டு, அப்புறம் மூன்று, கடைசியில் ஐந்து. பின்னத்தைக் கூட்டும்போது முழுமை ஒன்றேதான். அதே ஒரு படி, அதே ஒரு ரொட்டி. அப்படியானால் விதியைச் சொல்வதற்கு முன்னால் முழுமையைக் கையில் கொடுக்க வேண்டும் என்றார் அறந்தாங்கி ஆசிரியை. அப்போது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய அளவைகளை வரிசையாக வைத்துப் படம் போட்டார். படி, அரைப்படி, கால்படி, ஆழாக்கு. ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. "பிள்ளைகள் முதலில் அளக்கட்டும். எழுதுவது அப்புறம்" என்று எழுதியிருந்தார்.

எங்கள் ஊரில் அது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவம். வீட்டில் இருக்கும் அளவையை எடுத்துவரச் சொன்னேன். பித்தளை, இரும்பு, நசுங்கியது, கைப்பிடி போனது என்று வந்து சேர்ந்தன. உரித்த மல்லாட்டையை அரைப்படி அளந்து ஒரு முறத்தில் கொட்டினோம். அதன்மேல் கால்படி. இப்போது கரும்பலகையில் 1/2 + 1/4 என்று எழுதி, மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டினால் என்ன வரும் என்று கேட்டேன். 2/6 என்றார்கள். 2/6 என்றால் 1/3. அரைப்படியில் கால்படியைச் சேர்த்த பிறகு அரைப்படியைவிடக் குறைந்துபோனதா? வகுப்பில் ஒரு பெண் எழுந்து முறத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அது எப்படி டீச்சர் கொறையும்? இங்க இருக்குதே!" என்றாள். விதி தப்பு என்று நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஆழாக்கால் அளந்து பார்த்து ஆறு ஆழாக்கு என்றார்கள். எட்டில் ஆறு. முக்கால்படி. பொதுவான அளவு ஒன்று வேண்டும் என்பதை அந்த ஆழாக்கு சொல்லிக்கொடுத்தது, மீ.சி.ம. எடுப்பது எதற்கு என்பது அதற்கப்புறம்தான் அவர்களுக்கு அர்த்தமாயிற்று. 1/3-க்கு அளவை கிடையாது. ஆகவே அன்று அதற்குப் போகவில்லை. காகிதத்தை மடித்து வேறொரு நாள் போனோம்.

இதை எழுதி, வெறும் முறத்தையும் அளவைகளையும் படமெடுத்து, அன்றிரவு குழுவில் போட்டேன். அதுதான் நான் அங்கே எழுதிய முதல் பதிவு. தென்காசி ஆசிரியர் தன் ஊரில் அரிசியால் செய்து பார்த்ததை அடுத்த வாரம் எழுதினார். அவரை அதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவருடைய வகுப்பில் அந்தப் பையன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்றுகூட எனக்குத் தெரிந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு எந்தக் குழுவில் சேர்ந்தாலும் நான் முதலில் கவனித்தது ஒன்றைத்தான்: இங்கே யாராவது, "என் வகுப்பில் இது வரவில்லை" என்று எழுதுகிறார்களா? சாதனைப் படங்கள் எல்லாக் குழுவிலும் இருக்கும். அவற்றை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அரசுப் பள்ளி என்றாலே இளக்காரமாகப் பேசும் ஊரில், தன் கைக்காசில் வண்ணம் அடித்த வகுப்பறையை ஒருவர் நாலு பேருக்குக் காட்டுவது நியாயம். தி இந்து தமிழில் 'அன்பாசிரியர்' தொடர் வந்தபோது, அதில் ஒருவரைப் பற்றி வந்ததும் எங்கள் குழுக்களில் எல்லோருமே தங்களைப் பற்றி வந்ததுபோல் மகிழ்ந்தார்கள். நானும்தான். ஆனால் படத்தைப் பார்த்து 'வாழ்த்துகள் சார்' என்று எழுதியதோடு என் வேலை முடிந்துவிடுகிறது. வராத கணக்கைப் பார்த்தால் என் வேலை அங்கே ஆரம்பிக்கிறது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவானதும் வெளிநாட்டுக் கணக்கு ஆசிரியர்கள் ட்விட்டரில் பேசிக்கொள்வதை எட்டிப் பார்க்க ஆரம்பித்தேன். அமெரிக்கா, கனடா கணக்கு ஆசிரியர்கள் அங்கே ஒரு பெரிய சுற்றமாகவே இயங்கினார்கள். அப்போது ஒரு ட்வீட்டுக்கு 140 எழுத்துதான். தமிழில் கொம்பும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும் என்பதால் எங்களுக்கு அது இன்னும் குறுகல். 2017 நவம்பரில்தான் 280 ஆக்கினார்கள். நான் அங்கே எழுதியது குறைவு. அகராதியை வைத்துக்கொண்டு படித்ததுதான் அதிகம். அவர்களில் பலர் எங்களைவிட எவ்வளவோ வசதியான வகுப்பறைகளிலிருந்து எழுதினார்கள். ஆனால் பேச்சு எங்கள் பேச்சுதான். அவர்கள் பிள்ளைகளும் 0.45-ஐ 0.5-ஐவிடப் பெரியது என்றார்கள், நாற்பத்தைந்து ஐந்தைவிடப் பெரியதல்லவா என்ற அதே காரணத்தோடு.

அங்கே கிறிஸ்டோபர் டேனியல்சன் என்ற ஆசிரியர் பரவலாக்கிய ஒரு விளையாட்டைப் பார்த்தேன். நான்கு உருவங்களோ எண்களோ கொடுத்து, இதில் ஒட்டாதது எது என்று கேட்பது. நமக்குத் தெரிந்த 'பொருந்தாததைத் தேர்ந்தெடு' மாதிரிதான். ஆனால் அதில் ஒரே ஒரு சரியான விடை. இதில் நான்கில் எதையும் காரணத்தோடு தேர்ந்தெடுக்கலாம். காரணம் உண்மையாக இருந்தால் விடை சரி. 2016-இல் அதைச் சிறு புத்தகமாகவும் அவர் வெளியிட்டிருந்தார்.

எட்டாம் வகுப்பில் 8, 27, 36, 64 என்று எழுதிப் போட்டேன். ஓரிலக்க எண் எட்டு மட்டும்தான் என்றான் ஒருவன். ஒற்றைப்படை 27 மட்டும்தான். கன எண் அல்லாதது 36 என்று, வீட்டுப்பாடம் தவறாமல் செய்யும் பிள்ளை சொன்னாள். 64-க்கு என்ன காரணம் என்று நான் மனதில் வைத்திருந்தது, வர்க்க எண்ணும் கன எண்ணுமாக இருப்பது அது ஒன்றுதான் என்பது. பின் வரிசையில், அந்த வருடம் முழுக்கத் தானாக வாய் திறக்காத ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அறுபத்தி நாலுல மட்டும்தான் டீச்சர் பெரிய இலக்கம் முன்னாடி வருது." பார்த்தேன். 27-இல் இரண்டு, ஏழு. 36-இல் மூன்று, ஆறு. 64-இல்தான் ஆறு முன்னே, நாலு பின்னே. எனக்குத் தோன்றாத காரணம். முழுக்கச் சரியான காரணம். அவள் உட்காரும்போது பக்கத்துப் பெண் அவள் தோளைத் தட்டினாள்.

இந்த விளையாட்டை நான் தமிழ்க் குழுவுக்குக் கொண்டுவந்தேன். ஒரே வாரத்தில் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்து நான்கு நான்காக எண்களும் கோலங்களும் வடிவங்களும் வந்து குவிந்தன. 27-க்கு "நட்சத்திரம் இருபத்தேழு" என்றும் 64-க்கு "ஆய கலைகள்" என்றும் பிள்ளைகள் சொன்னதாகத் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுதினார். அதை ஏற்கலாமா என்று ஒரு விவாதம். ஏற்க வேண்டும் என்பது என் கட்சி. எண்ணைப் பார்த்ததும் பிள்ளைக்கு ஏதோ ஒன்று நினைவுக்கு வருகிறதே, அதுவே அவள் எண்ணோடு பழகியிருக்கிறாள் என்பதற்குச் சாட்சி.

வாட்ஸ்அப் குழுக்கள் வேறு விதம். 2016 தொடக்கத்தில் குழுவின் அளவு நூறிலிருந்து 256 ஆனதும் ஆளாளுக்குக் குழு. ஒன்றியக் குழு, மாவட்டக் குழு, சங்கக் குழு, பாடக் குழு. அலுவலகக் குழுவில் 'உடனே பதிவேற்றவும்' என்று படிவங்கள் இரவு பத்து மணிக்கும் வரும். அவற்றோடு விடியற்காலைப் பூங்கொத்துப் படங்கள். உண்மையில் பேச வேண்டியவர்கள் விலகிப் போகத் தொடங்கியபோது, கணக்கு ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து சின்னக் குழு ஒன்று அமைத்தோம். கூட்டம் சேர்க்க வேண்டாம் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். காலை வணக்கம் கிடையாது. மாறுதல் கலந்தாய்வு, சங்க விஷயம் வேறு இடத்தில். 2019 ஜனவரியில் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோவின் வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் எங்களில் போராட்டத்தில் இருந்தவர்களும் இருந்தார்கள், பள்ளிக்குப் போனவர்களும் இருந்தார்கள். வெளியே கசப்பு அதிகமாக இருந்தது. குழுவில் அந்த வாரம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிப்ரவரியில் ஒருவர் இயற்கணிதக் கோவை பற்றிக் கேள்வி கேட்டார். இரு தரப்பும் பதில் சொன்னார்கள்.

குழு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம். ஒருவர் தேர்வுத்தாள் ஒன்றைப் படமெடுத்துப் போட்டு, சிரிக்கும் பொம்மைகளை வரிசையாக வைத்திருந்தார். பிள்ளை எழுதிய விடை பார்த்தவுடன் சிரிப்பு வரக்கூடியதுதான். ஓரத்தில் பெயரும் தெரிந்தது. அறந்தாங்கி ஆசிரியைதான் முதலில் எழுதினார்: "படத்தை எடுத்துவிடுங்கள் சார். அப்புறம் அந்த விடையைப் பற்றிப் பேசுவோம்." அவர் எடுத்துவிட்டார், வருத்தமும் தெரிவித்தார். பிறகு பேசினோம். வினாவிலேயே இரண்டு அர்த்தம் இருந்தது. பிள்ளை இரண்டாவது அர்த்தத்துக்குச் சரியாக விடை எழுதியிருந்தது. அன்று முதல் முகம், பெயர், சீருடைப் பட்டை எதுவும் தெரியக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். பிள்ளைகளின் தகவல்களுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றியபோது, எங்களுக்கு அதில் புதிதாக ஒன்றும் இருக்கவில்லை. பிள்ளையின் விடைத்தாள் ஆசிரியரை நம்பிக் கொடுக்கப்படுவது. அதை வைத்து யோசிக்க எனக்கு உரிமை உண்டு. அதை வைத்து ஊரைச் சிரிக்கவைக்க உரிமையில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கல்வித் தொலைக்காட்சி அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே தொடங்கியிருந்ததால் பாடங்கள் அதில் ஓடின. தனியார் பள்ளிகளில் போனில் வகுப்பு. எங்கள் பிள்ளைகளின் வீடுகளில் போன் இருந்தால் அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்குத் திரும்பும்போது சார்ஜ் இருக்காது. கணக்கு ஆசிரியர்கள் இரவில் ஜூமில் கூடினோம். இலவசக் கணக்கு என்பதால் நாற்பது நிமிடத்தில் இணைப்பு அறுந்துவிடும். அறுந்ததும் மறுபடி புது இணைப்பு அனுப்புவார் தென்காசி ஆசிரியர். அந்த நாட்களில் எங்கள் பேச்சு முழுக்க, போன் இல்லாத பிள்ளையைப் பற்றியே இருந்தது. கோயில் மண்டபத்தில் தள்ளித் தள்ளி உட்காரவைத்து நடத்துவது எப்படி, வீட்டில் இருக்கும் பொருளை வைத்தே செய்யக்கூடிய கணக்கு எது, ஒற்றைத் தாளில் பெற்றோரும் படிக்கும்படி எழுதுவது எப்படி. ஒருவர் எழுதிய பயிற்சித்தாளை இன்னொருவர் தன் ஊர்ப் பொருள்களுக்கு மாற்றுவார். தருமபுரித் தாளில் ராகி, எங்கள் தாளில் மல்லாட்டை, நாகையில் மீன் கூடை.

அந்த ஜூம் இரவுகளில்தான் புத்தகம் படிப்பதும் தொடங்கியது. கிஜுபாய் பதேகாவின் 'பகல் கனவு' முதலில். பிறகு இத்தாலியின் பார்பியானா பள்ளி மாணவர்கள் 1967-இல் வெளியிட்ட கடிதம். தமிழில் 'எங்களை ஏன் டீச்சர் ஃபெயிலாக்கினீங்க?' என்று வந்திருக்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து, தங்களைத் தோல்வியடையச் செய்த பள்ளியிடம் புள்ளிவிவரத்தோடு கேள்வி கேட்கிற நூல். அதைப் படித்த இரவில் நாற்பது நிமிடம் முடிந்து இணைப்பு அறுந்தபிறகும் மறு இணைப்புக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். வழக்கமாக இரண்டு மூன்று பேராவது தூங்கப் போய்விடுவார்கள். அன்று போகவில்லை.

படி, ஆழாக்குப் படம் போட்ட ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஓரிரவு தன் காலத்தைப் பற்றிச் சொன்னார். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தில் இருந்தவர். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டக் கற்ற மாவட்டம் அது. அப்போதும் ஆசிரியர்கள் ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987-இலிருந்து வருகிறது. அதில் வந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்துவிட்டு இன்லேண்டு கடிதத்தில் எழுதிக் கேட்பார்களாம். பதில் வர இரண்டு வாரம் ஆகும். "நாங்களும் இதையேதான் பேசினோம். உங்களுக்கு ராத்திரியே பதில் வந்துடுது, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அந்தக் காலத்தில் கடிதம் எழுதியவர்கள் பலர் வேலையைத் தாண்டித் தங்கள் செலவில் ஊர் ஊராகப் போனவர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் நாங்கள் என்று நினைத்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அவரைப் போன்றவர்கள் குழுவில் இல்லாமல் போயிருந்தால், இந்தப் பேச்சு எங்களிடமிருந்துதான் தொடங்குகிறது என்று நினைத்திருப்போம்.

2021 நவம்பர் முதல் தேதி ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் திறந்தன. என் ஆறாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள், கடைசியாக வகுப்பறையில் உட்கார்ந்தது நான்காம் வகுப்பில். இரண்டிலக்கக் கழித்தலில் கடன் வாங்குவது பலருக்கு மறந்துபோயிருந்தது. பாடநூலோ விகிதம், விகிதசமம் என்று போகிறது. குழுவில் அந்த வாரம் ஒருவருமே சாதனைப் படம் போடவில்லை. எல்லோருடைய வகுப்பும் ஒரே வகுப்பாக இருந்தது. புத்தகத்தை மூடிவைத்து எத்தனை வாரம் அடிப்படை நடத்தலாம், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதில் ஆரம்பித்து, எந்தப் பாடத்தைத் தள்ளினால் பின்னால் பிள்ளைக்கு இடிக்காது என்று ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வரிசையே போட்டோம். அதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. மாலையில் வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பதினோரு மணிக்கு உட்கார்ந்து எழுதினார்கள். பல பெண் ஆசிரியர்களின் பெயர் அந்த நேரத்தில்தான் குழுவில் தெரியும். அரசுப் பள்ளி ஆசிரியர் சும்மா சம்பளம் வாங்குகிறார் என்று பேருந்தில் யாராவது சொல்லக் கேட்டால், அந்தப் பதினோரு மணி எனக்கு நினைவு வரும்.

ஒருமுறை திருச்சியில் கூடினோம். எல்லோருக்கும் நடுவான ஊர் என்பதால். தென்காசி ஆசிரியரை நான் உயரமானவராக நினைத்திருந்தேன். அவர் குள்ளமாக இருந்தார், குரலும் மெல்லியது. அறந்தாங்கி ஆசிரியை மகளையும் அழைத்து வந்திருந்தார். அறிமுகம், நலம் விசாரிப்பு எதுவும் தேவைப்படவில்லை. உணவகத்தில் இலை போடுவதற்குள்ளேயே விகிதமுறு எண்கள் பற்றிய பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

இந்த வருடம் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் நீலகிரியில் வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியை. ஏழாம் வகுப்பு, முழுக்கள் பெருக்கல். மைனஸை மைனஸால் பெருக்கினால் பிளஸ் ஏன் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள், விதி என்று சொல்ல மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். நான் வகுப்பில் செய்வதைச் சொன்னேன். 3-ஐ –2-ஆல் பெருக்கினால் –6. 2-ஐப் பெருக்கினால் –4. 1-ஐப் பெருக்கினால் –2. பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம். ஒவ்வொரு படியிலும் விடை இரண்டு இரண்டாகக் கூடுகிறது. அப்படியானால் அடுத்த படி –1-க்கு 2 தானே வரவேண்டும். கடன் கணக்கைச் சொன்னார் ஒருவர். வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டலாம் என்றார் தென்காசி ஆசிரியர்.

நீலகிரி ஆசிரியை என் வழியைச் செய்து பார்த்துவிட்டு நேற்று இரவு எழுதினார். வகுப்பு முழுக்க ஒத்துக்கொண்டதாம், ஒரு பையனைத் தவிர. பூஜ்ஜியத்துக்கு அந்தப் பக்கமும் அதே ஒழுங்கு தொடரும் என்று எப்படி டீச்சர் சொல்றீங்க, அங்க மாறிட்டா என்ன என்று கேட்டிருக்கிறான். பங்கீட்டுப் பண்பை வைத்து அதை நிரூபிக்க எனக்குத் தெரியும். பன்னிரண்டு வயதுப் பையன் கேள்வி கேட்ட அதே முகத்தோடு ஏற்றுக்கொள்ளும்படி சொல்ல இன்னும் வழி கிடைக்கவில்லை. அறந்தாங்கி ஆசிரியை ஏதோ யோசனை இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். இன்று இரவு ஒன்பது மணிக்குப் பேசுகிறோம்.